பிடிக்கக் கேட்டேன், விடக் கேட்க மறந்தேன்

என் வாய் கோணிக்கொண்ட காலையில் என் மனைவி சிரித்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். இருபத்தாறு வருடமாக அவளை அப்படிச் சிரிக்கப் பழக்கி வைத்தவன் நான்தான்.

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதர சகோதரிகளே. எழுதுகிறவன் பெயர் சிக்கந்தர். திருச்செங்கோட்டில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கிறேன். லாரிகளுக்கும் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கும் தார்ப்பாய் தைத்து, ஓரத்தில் பித்தளை வளையம் அடித்து, கயிறு கோத்துக் கொடுப்பது தொழில். அதைவிடப் பழைய தொழில் ஒன்று எனக்கு உண்டு. யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போலவே பேசி, நடந்து காட்டுவது. டீக்கடையில் நான் உட்கார்ந்தால் நாலு பேர் கூடுவார்கள். ரிக் ஓனர் போனில் கத்துவது, மச்சான் பஷீர் கொட்டாவி விடுவது, எல்லாம் என்னிடம் இருப்பில் இருக்கும்.

அந்தச் சரக்கில் ஹனீபா பாயும் ஒருவர். எங்கள் தெருவில் பழைய இரும்பு வியாபாரம் செய்தவர். மூன்று வருடம் முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு காலை இழுத்து இழுத்துப் பள்ளிவாசலுக்கு வருவார். பேச்சு குழறும். அதையும் நான் நடித்துக் காட்டியிருக்கிறேன். பார்த்துச் சிரித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை எழுத மாட்டேன். என் பெயரை எழுதிவிட்டேன், போதும்.

போன வருடம் ரபியுல் ஆகிர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சுபுஹு தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மனைவி ஜரீனா டீ கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "மாடியில் மோட்டார் ஓடுது, நிறுத்து" என்று சொல்ல நினைத்தேன். வாயிலிருந்து கொழகொழவென்று ஏதோ வந்தது.

ஜரீனா சிரித்துவிட்டாள். "ஏனுங்க, காலங்காத்தால ஹனீபா பாயாட்டப் பேசிக் காட்டோணுமா? பாவம் அந்த மனுசன். டீயக் குடிங்க."

மறுபடி சொன்னேன். மறுபடி கொழகொழ. "போதும், உடுங்க" என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது, உயிரை எடுக்கும் மலக்குல் மவ்த் வந்துவிட்டார். கலிமா சொல்லிப் பார்த்தேன். அதுவும் அப்படியே வந்தது. இந்த உச்சரிப்பில் சொன்னால் மேலே ஏற்றுக்கொள்வார்களா என்று வேறு ஒரு பயம். குடும்பத்துக்குக் கடைசியாக ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தவித்தேன். எவ்வளவு முயன்றும் என் மூளையில் இருந்த ஒரே வசனம் மோட்டாரை நிறுத்து என்பதுதான். ஐம்பத்திரண்டு வருடம் வாழ்ந்த மனிதனின் மரண சாசனம் அது.

முக்கால் மணி நேரம் இப்படிப் போனது. தொட்டி நிரம்பி மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு ஜரீனா திட்டிக்கொண்டே வந்தாள். டம்ளர் என் கையிலிருந்து நழுவி, டீ முழுவதும் வலது தொடையில் கொட்டிக் கிடந்தது. தொடை சிவந்து கொப்புளம் கிளம்பியிருந்தது. நான் கத்தவே இல்லை. எனக்குத் தெரியவே இல்லை. அதைப் பார்த்ததும் அவள் முகத்திலிருந்த சிரிப்பு போனது. அதன் பிறகு ரெண்டு மாதம் அது திரும்பி வரவில்லை.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. வாயு என்றார் ஒருவர். பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தேய்த்தால் உடனே கேட்கும் என்றார் இன்னொருவர். மச்சான் பஷீர், அதாவது ஜரீனாவின் தம்பி, ஓடிப்போய் எங்கிருந்தோ ஒரு புறாவைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். புறா என்னைப் பார்த்தது, நான் புறாவைப் பார்த்தேன். அந்த வீட்டில் என் நிலைமை புரிந்த ஒரே ஜீவன் அதுதான் என்று தோன்றியது.

என் மகள் நஸீமாதான் கத்தினாள். "மாமா, அந்தப் புறாவ உட்டுப்போட்டு வண்டிய எடுங்க! இது மூளையில அடைப்பு. நேரம் போகுது!"

சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். பின் சீட்டில் படுத்தபடியே அல்லாஹ்விடம் வாக்குறுதி கொடுக்க ஆரம்பித்தேன். இனி யாரையும் நடித்துக் காட்ட மாட்டேன். மச்சானைக் கிண்டல் செய்ய மாட்டேன். சங்ககிரி தாண்டுவதற்குள் பதினோரு வாக்குறுதி கொடுத்துவிட்டேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மறுநாள் டாக்டர் "உயிருக்கு ஒண்ணும் பயமில்ல" என்று சொன்னதும், அந்தப் பதினொன்றில் எதையெல்லாம் தள்ளுபடி கேட்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். மனிதன் அப்படித்தான். குறைந்தபட்சம் இந்த மனிதன் அப்படித்தான்.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்ததால் உடம்பின் வலது பக்கம் போயிருந்தது. பேச்சு ஒரு மாதத்தில் பாதி திரும்பியது. கால் இழுத்து நடக்கும் அளவுக்கு வந்தது. கை வரவில்லை. தோளிலிருந்து யாரோ ஈரத் தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது.

கை போனதில் எனக்கு என்ன கவலை என்று சொல்கிறேன். நஸீமாவுக்கு வாழப்பாடியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். பெயர் இர்ஃபான், ஜவுளி வியாபாரம். நோன்புப் பெருநாள் கழித்து ஷவ்வால் மாதத்தில் நிக்காஹ். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்ற அத்தாவும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து, வலது கையோடு வலது கை பிடித்துக்கொண்டு, பெண்ணைக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டேன் என்று சபை கேட்கச் சொல்ல வேண்டும். நஸீமா பிறந்த அன்றே அந்தக் காட்சியை நான் மனதில் நடித்துப் பார்த்துவிட்டேன்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டோம். "உங்களுக்குப் பதிலா கை புடிக்க பஷீர் பாய வக்கீலா வெச்சுக்கலாம். இல்லீனா நீங்க கையே புடிக்காம வாயால சொன்னாலும் நிக்காஹ் ஆயிரும். மார்க்கத்துல கஷ்டம் இல்லீங்க பாய்" என்றார். மார்க்கத்தில் கஷ்டம் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே துஆ. "யா அல்லாஹ், ஓட வேண்டாம், தைக்க வேண்டாம். நிக்காஹ் அன்று மாப்பிள்ளையின் கையைப் பிடிக்க இந்தக் கையைக் கொடு. ஒரு நிமிடம் போதும்." கேட்டுவிட்டு, மறுநாள் காலை கண் விழித்ததும் முதல் வேலையாகக் கையைப் பார்ப்பேன், பார்சல் வந்துவிட்டதா என்று பார்ப்பது போல. கை அப்படியே கிடக்கும். அழுகை வந்துவிடும். அப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அழுகைதான். டிவியில் சோப்பு விளம்பரம் பார்த்து அழுதிருக்கிறேன். மூளையில் அடிபட்டால் அப்படி வருமாம்.

அதைவிடக் கொடுமை, என் வேடிக்கைப் பேச்சு செத்துவிட்டது. சிரிக்க வைக்க நேரம் முக்கியம். ஒரு நொடி தவறினால் போச்சு. என் நாக்கு நாலு நொடி தாமதம். பார்க்க வந்தவர்களிடம் ஏதாவது சொல்வேன். அவர்கள் பயந்து தலையாட்டி, "நல்லா ரெஸ்ட் எடுங்க பாய்" என்பார்கள். நான் வேடிக்கையாகச் சொன்னது அவர்களுக்குச் சாகிறவனின் வசிய்யத்து போலக் கேட்டிருக்கிறது.

ஒரு நாள் ஹனீபா பாய் வந்தார். அவர் கால் இழுத்து வரும் சத்தம் வாசலிலேயே கேட்டது. நான் கண்ணை மூடித் தூங்குவது போல நடித்தேன். அந்த ஒரு நடிப்பு மட்டும் இன்னும் மிச்சமிருந்தது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் பேச்சு குழறும், நான் நேராக்கி எழுதுகிறேன். "தூங்கலீன்னு தெரியும், கண்ணத் தொற."

திறந்தேன். "பாய்... என்னை மன்னிச்சிருங்க" என்றேன். அதுவும் குழறிக்கொண்டுதான் வந்தது.

"எதுக்கு? டீக்கடையில என்னாட்ட நடந்து காட்டுவியே, அதுக்கா? ரெண்டு தடவ நானே ரோட்டோரமா நின்னு பாத்திருக்கறேன். நல்லாத்தான் பண்ணின. ஆனா ஒரு தப்பு. நீ இழுத்தது எடது காலு. எனக்குப் போனது வலது காலு." என் காலைப் பார்த்தார். "இப்பத்தான் சரியா இழுக்கற."

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. ஜரீனா ஓடிவந்து பார்த்தாள். ஹனீபா பாய் எழுந்து, "நாளைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். கடைசி வரிசையில ரெண்டு நாற்காலி இருக்குது" என்றார்.

நான் கேட்ட துஆவுக்குப் பதில் வரத் தொடங்கியது அன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்குத் தெரியவில்லை. கை கேட்டால் ஒரு நொண்டி மனிதரை அனுப்புகிறானே என்றுதான் இருந்தது.

அவர்தான் என்னைக் கோகிலா மேடத்திடம் அனுப்பினார். ஊரிலேயே ஒரு மாடியில் பிசியோதெரபி நடத்துகிறார். ரிக் டிரைவர் மகள். நான் போனபோது ஒரு பெருமையோடு போனேன். வலது கை போனதும் இடது கையால் சாப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. நமக்கெல்லாம் சின்ன வயதிலிருந்தே வலது கையால் சாப்பிட்டே பழக்கம். இயலாதவருக்குக் குற்றம் இல்லை என்று ஹஜ்ரத் சொன்ன பிறகு, வெறியோடு இடது கையைப் பழக்கினேன். சாப்பிட, சட்டைப் பொத்தான் போட, போன் பேச எல்லாம் இடது கை. மீதியை ஜரீனாவும் நஸீமாவும் பார்த்துக்கொண்டார்கள். என் வலது கையை மடியில் துண்டு விரித்து, குழந்தையைப் போலக் கிடத்தி வைத்திருந்தார்கள்.

இடது கையால் பொத்தானைக் கழற்றி மாட்டிக் காட்டினேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அட, இந்தக் கை இத்தன நல்லா வேல செய்யுதுங்களா! அதனாலதாங்க பாய் அந்தக் கை தூங்குது" என்றார் கோகிலா மேடம். "இப்பப் பாருங். சங்ககிரி ரோட்டுல மரம் உழுந்து அடைச்சிருச்சுன்னு வைங்க. லாரிக்காரரு ஊட்டுக்குப் போயித் தூங்கிருவாருங்களா? ஊருக்குள்ள பூந்து, காட்டு வழியா சுத்திட்டுப் போவாரு. மொத நாளு முள்ளும் கல்லும்தான். நூறு வண்டி போச்சுன்னா தடம் உழுந்துரும். மூளையும் அப்படித்தாங்க. செத்த எடம் செத்ததுதான். பக்கத்துல இருக்கற எடம் அந்த வேலையக் கத்துக்கும். ஆனா வண்டி போகோணுமில்லங்க? நீங்க எல்லா வண்டியையும் எடது பக்கமே உட்டுப்போட்டு, அங்க தடம் இல்லியேன்னு அழுதா எப்படிங்க?"

"அப்ப என்னங்க பண்றது?" என்று ஜரீனா கேட்டாள்.

"வலது கையில ஒரே ஒரு வெரலு அசையட்டுங்க. அப்பறம் எடது கையக் கட்டிப் போட்ரலாம்."

ஒரு விரல். அதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே. மேடம் மரத்த விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்குவார். நான் பார்த்துக்கொண்டே, அசை அசை என்று மனதுக்குள் உத்தரவு போட வேண்டும். பத்து நிமிடம் உத்தரவு போட்டால் மூட்டை தூக்கியவன் போலச் சோர்ந்துவிடுவேன். கையை அசைக்கவே இல்லை, அசைக்க நினைத்ததற்கே அந்தச் சோர்வு. தூங்கி எழுந்தாலும் போகாது. எலும்புக்குள் ஈயம் ஊற்றியது போல ஒரு களைப்பு. பக்கவாதம் கண்டவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும்.

அஸரில் மட்டும் ஹனீபா பாய் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுவேன். இருப்பில் ஓதும் அத்தஹிய்யாத்தில் கலிமா வரும் இடத்தில் வலது கை ஆட்காட்டி விரலை உயர்த்துவோம் இல்லையா? அந்த இடம் வரும்போதெல்லாம் விரலுக்கு உத்தரவு போடுவேன். விரல் என்னை யாரென்றே தெரியாதது போலக் கிடக்கும். வாழ்நாள் முழுக்க ஆயிரக்கணக்கான தடவை உயர்ந்த விரல். அப்போது நான் அதை ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. தொழுகையில் பாதி நேரம் கடை நினைப்புத்தான்.

ஜமாதுல் ஆகிர் மாதப் பாதியில், மழைத் தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு அஸர். அந்த இடம் வந்தது. விரல் அசைந்தது. அரை அங்குலம்கூட இருக்காது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொல்லித் தொழுகையை முடித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "அசையுது! அசையுது!" என்று பள்ளிவாசலே அதிரக் கத்தினேன். முன் வரிசையில் ரெண்டு பேர் பாம்பு வந்துவிட்டது என்று காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு ஹனீபா பாய் மெதுவாகத் திரும்பினார். "தொழுகை போச்சு. திருப்பித் தொழு. அந்த வெரலையே வெச்சுத் தொழு."

மறுநாளே இடது கைக்கு விலங்கு வந்தது. கடையில் கிடந்த நீலத் தார்ப்பாய்த் துண்டில் ஜரீனா ஒரு பை தைத்தாள். மணிக்கட்டில் இறுக்கிக் கட்ட நாடா. பகலில் ஆறு மணி நேரம் இடது கை அதற்குள் இருக்க வேண்டும். சாப்பாடு வலது கையால்தான்.

முதல் நாள் பருப்புச் சோறு. முதல் கவளம் காதுக்குப் போனது. இரண்டாவது தாடிக்கு. மூன்றாவது எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. தலை நிமிர்ந்தால் ஜரீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். தோள் குலுங்குகிறது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவை. பிறகுதான் அழுதாள். "நான் அன்னிக்குச் சிரிக்காம இருந்திருந்தா இத்தன தூரம் ஆயிருக்காதுல்லங்க" என்றாள். அத்தனை நாளாக அதை மனதில் வைத்து வெந்திருக்கிறாள். தாடியிலிருந்த ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன், வலது கையால். அது என் பதில்.

கோகிலா மேடம் கடைச் சாமானே மருந்து என்றார். பித்தளை வளையத்தில் கயிற்றை நுழைக்க வேண்டும். உருவ வேண்டும். மறுபடி நுழைக்க வேண்டும். காலை நூறு, மாலை நூறு. ஹனீபா பாய் கடைக்கு வந்து தஸ்பீஹ் மணியை உருட்டி எண்ணுவார். நாற்பதில் நான் ஏமாற்றி அறுபது என்பேன். "இது முப்பத்தெட்டு" என்பார். இரண்டு கோணல் வாய்க்காரர்கள் உட்கார்ந்து எண்ணிக்கைக்குச் சண்டை போடுவதைப் பார்க்க லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள்.

ரஜபு போனது, ஷஃபான் போனது. மாத்திரை காரணமாக ரமழானில் நோன்பு வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மஃரிபில், நோன்பு திறக்கும் நேரத்தில் பள்ளியில் நோன்புக் கஞ்சிக் கோப்பையை வலது கையால் பிடித்தேன். பாதிக் கஞ்சி ஹனீபா பாய் வேட்டியில். நோன்பு வைக்காதவன் நோன்பாளியின் கஞ்சியைக் கொட்டுகிறானே என்று எனக்கு வெறுத்துப் போயிற்று. நிக்காஹ்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. கை மூடும். ஆனால் வலுவில்லாமல், பூனை பிடிப்பது போல. வீட்டுக்கு வந்து நீலப் பையைக் கழற்றி எறிந்தேன். நாலு நாள் எதையும் செய்யவில்லை. துஆகூடக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஐந்தாம் நாள் நஸீமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தா, பஷீர் மாமாவே புடிச்சுக் குடுக்கட்டும். நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். நீங்க இப்படிக் கஷ்டப்படறது பாக்க முடியல."

அவள் எவ்வளவு அன்பாகச் சொன்னாளோ அவ்வளவு வலித்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அந்தப் பை எங்கே?" என்றேன். அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். அவளே கட்டிவிட்டாள். அன்று இஷா தொழுகைக்குப் பிறகு மறுபடி கேட்டேன், "யா அல்லாஹ், பிடிக்க மட்டும்." குரலில் கெஞ்சல்கூட இல்லை. களைத்தவன் கேட்பது போலக் கேட்டேன். அப்படிப்பட்ட துஆவையும் அவன் கேட்டுக்கொள்கிறான் என்பதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நிக்காஹ்வுக்கு மூன்று நாள் முன்பு கோகிலா மேடத்தின் விரலைப் பிடித்தேன். அவர் இழுத்தும் வரவில்லை. "அடேங்கப்பா!" என்றார். பிறகு, "சரிங்க பாய், இப்ப உடுங்க" என்றார். விட முடியவில்லை. அவரே என் மணிக்கட்டை வளைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "புடிக்கறது சுளுவுங்க. உடறதுதான் செரமம். பதட்டமானா இன்னும் இறுகும். உடறதையும் பழகோணும்."

"பிடிச்சாப் போதுங்க மேடம்" என்றேன். துஆவிலும் அதைத்தானே கேட்டிருந்தேன்.

நிக்காஹ் வாழப்பாடி மண்டபத்தில். சபை நிறைந்திருந்தது. மாப்பிள்ளை இர்ஃபான் எதிரே உட்கார்ந்தார். கையை நீட்டினார். நான் என் வலது கையை, இடது கையின் உதவி இல்லாமல், நானே கொண்டுபோனேன். பிடித்தேன். அந்தப் பிடியை என் மூளை புதிதாகப் போட்ட அந்தக் காட்டுத் தடத்தில் வண்டி வண்டியாக அனுப்பி வைத்தது. ஹஜ்ரத் சொல்லச் சொல்ல, "என் மகள் நஸீமாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்" என்றேன். ஒரு சொல் குழறவில்லை. "ஏற்றுக்கொண்டேன்" என்றார் மாப்பிள்ளை. முடிந்தது. ஆறு மாத துஆ முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

கை விடவில்லை.

ஹஜ்ரத் துஆ ஓத ஆரம்பித்தார். சபை முழுவதும் இரண்டு கையையும் ஏந்தியது. மாப்பிள்ளை இடது கையை மட்டும் ஏந்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் விரல்களுக்கு உத்தரவு போட்டேன். பதட்டம் ஏற ஏற இன்னும் இறுகியது. மாப்பிள்ளை முகத்தில் வேர்வை. பார்த்தவர்கள் மகளைப் பிரிய மனமில்லாமல் அத்தா கையை விடாமல் இருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். பெண்கள் பக்கம் விசும்பல் கிளம்பியது. அதைக் கேட்டு ஆண்கள் பக்கமும் கண்ணைத் துடைத்தார்கள். மச்சான் பஷீர் தேம்பினார்.

மாப்பிள்ளை குனிந்து மெல்லக் கேட்டார். "மாமா... கை..."

"நான் எப்பவோ உட்டுட்டேங்க மாப்ள. கைதான் உடமாட்டேங்குது."

அவருக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "இருக்கட்டுங்க மாமா" என்றார். பிறகு என் கை கோத்திருந்த தன் வலது கையை அப்படியே தூக்கி, இடது கையோடு சேர்த்து ஏந்தினார். ஆறு மாதமாகத் துஆவுக்கு உயராத என் கை அவர் கையோடு மேலே போனது. நான் இடது கையை அதன் பக்கத்தில் சேர்த்தேன். ரெண்டு கையும் ஏந்தி நான் துஆவில் இருந்தது அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அன்றுதான். இதை நான் கேட்கவே இல்லை. கேட்காததையும் சேர்த்துக் கொடுத்தான்.

சபை ஆமீன் சொன்னது. நான் மனதுக்குள் கலிமா சொன்னேன். பழகிய இடம் வந்ததும் ஆட்காட்டி விரல் தானாக நிமிர்ந்தது. அதன் பின்னால் நடுவிரல். பிறகு மற்றவை, தூங்கி எழுந்த பிள்ளைகள் போல ஒவ்வொன்றாக. மாப்பிள்ளை கையை எடுத்துக்கொண்டார். நாலு விரல் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து ஜரீனாவிடம் சொன்னேன். "நெசமாவா? உட முடியலயா? நான் அங்க எப்படி அழுதேன் தெரியுமா!" என்று சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. பழைய சிரிப்பு. வாழப்பாடியில் அன்று அழுத எல்லோரிடமும் இப்போது இதை எழுதி உண்மையைச் சொல்லிவிட்டேன். உங்கள் கண்ணீர் வீண் போகவில்லை, இடம்தான் மாறிவிட்டது.

நான் முழுசாகக் குணமாகவில்லை. கால் இழுக்கிறது. சரியான கால்தான், ஹனீபா பாயே சான்று. பாதி நாள் களைப்பில் போகிறது. காலையும் மாலையும் வளையத்தில் கயிறு நுழைப்பது நடக்கிறது, அதோடு விடுவதும் தனியாக ஐம்பது. சங்ககிரி தாண்டுவதற்குள் கொடுத்த பதினோரு வாக்குறுதியில் முதலாவதை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றுகிறேன். இப்போது டீக்கடையில் நான் நடித்துக் காட்டுவது ஒரே ஆளை, என்னை. முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் புறாவைத் தேடாதீர்கள், வண்டியைத் தேடுங்கள். வீட்டில் வேடிக்கைக்காரன் இருந்தால் அவனையும் ஒரு தடவை நம்பிவிடுங்கள்.

படுக்கையில் கிடக்கிற, அல்லது படுத்தவரைப் பார்த்துக்கொள்கிற சகோதரரே, சகோதரியே, உங்களுக்கு ஒன்று. ஒரே நாளில் வரும் என்று நான் காத்திருந்தது அரை அங்குலம் அரை அங்குலமாக வந்தது. ஒரு நொண்டி மனிதர் வடிவில், ஒரு ரிக் டிரைவர் மகள் வடிவில், ஒரு தார்ப்பாய்ப் பை வடிவில் வந்தது. அலுத்துப்போனாலும் கேளுங்கள். அலுப்போடே கேளுங்கள். அவன் தருவான். என்னைப் போலப் பாதி மட்டும் கேட்காதீர்கள், விடுவதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கை சோர்ந்துவிட்டது. பேனாவை விட வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்.